ஏழாம் பாடம்: விமான நிலையம்

ஜூன் மாதம் கழுதை முதுகில் வந்தது பெட்டி,
மொகொட்லோங் பாதையில் பனி இறுகிக் கிடந்தபோது.
பன்னிரண்டு புத்தகங்கள்.
படிக்க வருகிறவர்கள் முப்பத்தொரு பேர்.
கூடவே ஒரு படிவம்:
‘வளங்கள் போதுமானவையா? ஆம், இல்லை. வட்டமிடுக.’
வட்டமிடப் பேனா வரவில்லை.

எங்கள் வகுப்பறை
ஆட்டு ரோமம் கத்தரிக்கும் கொட்டகை.
பலகைத் தரையில் கொழுப்பு ஊறியிருக்கும்.
பாதிப் பேர் வழுக்கிக்கொண்டேதான் படிக்கிறார்கள்.
மண்ணெண்ணெய் விளக்கு ஒன்று.
அதன் பக்கத்தில் யார் உட்காருவது என்று
வாரம் ஒரு சண்டை.

புத்தகம் செசோதோவில்தான் இருக்கிறது,
ஆனால் நகரத்துச் செசோதோ,
காலணி துடைத்துக்கொண்டு பேசுகிற மொழி.
‘பயணி சாளரத்தருகே இருக்கை கேட்கிறார்.
சுங்க அதிகாரி புன்னகைக்கிறார்.’
செகோன்யானா எழுத்துக்கூட்டி முடித்து,
நெற்றியைத் துடைத்து, நிமிர்ந்து கேட்டார்:
“இந்த ஆளுக்கு எத்தனை ஆடு?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
அதற்குள் அவர் போர்வைக்குள் கைவிட்டு
எட்டாக மடித்த தாளொன்றை எடுத்திருந்தார்.
ரோமம் விற்ற ரசீது, முந்தின வருஷத்தது.
“கொடுத்ததை வாங்கிக்கொண்டேன்.
எழுதியது என்னவென்று இன்றுவரை தெரியாது.”

புத்தகத்தை மூடினேன்.
ஆட்டுக்கு அடையாளமிடும் நீலச் சாயத்தைக் குழைத்து
கொட்டகைக் கதவில் அந்த ரசீதைப்
பெரிதாக எழுதினோம்.
தரம். எடை. விலை.
‘பிடித்தம்’ என்ற சொல்லுக்கு மட்டும் மூன்று மாலைகள்.
சாக்கின் விலையை
இரண்டு இடத்தில் பிடித்திருந்தார்கள்.
கண்டுபிடித்தது நானல்ல.
பின்வரிசையில் பாதித் தூக்கத்திலிருந்த மொஃபிஹ்லி,
பகலெல்லாம் மேய்ச்சலில்
ஒன்று குறைந்தாலும் உறுத்துகிற கண்.

வியாபாரி, தலைமை அலுவலகத்தைக் கேளுங்கள் என்றார்.
கேட்டோம். கடிதம் எழுதியே கேட்டோம்.
பதில் இல்லை.
கடிதத்தில் பிழை இரண்டு இருந்தது.
அது காரணமாக இருக்காது.

அதன்பின் எல்லோர் மடியிலிருந்தும் தாள் வந்தது.
மருந்தகச் சீட்டு,
குடற்புழு மருந்துப் பொட்டலம்,
யாரோ தவணையில் வாங்கிய அடுப்பின் ஒப்பந்தம்.
லிபுசெங் கொண்டுவந்தது
சுரங்கத் தூசியில் போன கணவனின் நட்ட ஈட்டுக் கடிதம்.
கடைசித் தேதி தாண்டி நான்கு வருஷம்.
அதை மட்டும் யாரும் உரக்கப் படிக்கவில்லை.
விரலை வைத்து, உதடு அசைத்து
அவளே கடைசிவரை போனாள்.
மறுநாளும் வகுப்புக்கு வந்தாள்.

படிவத்தில் எழுதினேன்:
‘எங்கள் புத்தகம் இவர்கள் மடியிலேயே இருந்திருக்கிறது.
விமான நிலையம் இங்கே யாருக்கும் பயன்படாது.
ஏழாம் பாடத்தை நீக்குக.’
எழுதியதை வாசித்தும் காட்டினேன்,
கொஞ்சம் பெருமையாகவே.

மாட்செலிசோ எழுந்தாள்.
ஐம்பத்தெட்டு வயது. கணுக்கால்வரை சாணம்.
“உன்னை யார் கேட்டது?
நான் போகப்போவதில்லை என்று
எந்தத் தாளில் எழுதியிருக்கிறது?
காட்டு, படிக்கிறேன்.”

அந்த வரியை அடித்தேன்.

இப்போது செவ்வாய்க்கிழமை ரசீது,
வியாழக்கிழமை விமான நிலையம்.
கொட்டகைக் கதவுதான் நான்காம் எண் நுழைவாயில்.
மொஃபிஹ்லி சுங்க அதிகாரி,
புன்னகைக்க மட்டும் மறுக்கிறான்.
மாட்செலிசோ உப்புக்கட்டி மூட்டையைத் தூக்கித்
தராசில் வைக்கிறாள்.
முள் நிற்கும்வரை பொறுத்து
“இருபத்து மூன்று கிலோ” என்கிறாள்.
“சாளரத்தருகே இருக்கை.
ரசீதைக் கொடு.
படித்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து.”